இண்டர்லோக்கிற்குக் கொதித்தோம், ஆசிரியர் அறையில் ஏன் மௌனம்?



இந்தப் பதிவைப் படித்துவிட்டு என் சக ஆசிரியர்கள் சிலர் சினம் கொள்ளலாம். கொள்ளட்டும். சொல்லாமல் விட்டால் எனக்கே என் மேல் சினம் வரும்.

2010-ஆம் ஆண்டின் இறுதியை நினைத்துப் பாருங்கள். அப்துல்லா உசேன் எழுதி 1971-இல் வெளிவந்த ‘இண்டர்லோக்’ என்ற மலாய் நாவல், ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு இலக்கியப் பாடநூலாக வந்தது. அதில் நம்மவரைக் குறித்து எழுதப்பட்டிருந்த ‘பறையா’ என்ற சொல் நம்மைச் சுட்டது. பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் நால்வர் கூடினால் அதே பேச்சுதான். கூட்டம் போட்டோம், மனு கொடுத்தோம், கையெழுத்திட்டோம். நானும் இட்டேன். 2011 டிசம்பரில் அந்நூல் மீட்டுக்கொள்ளப்படும் என அரசு அறிவித்தது. வென்றோம் என மகிழ்ந்தோம்.

அதே 2010 ஆகஸ்டில், ஜொகூர் மாநிலம் கூலாயில் ஓர் இடைநிலைப்பள்ளி முதல்வர், இந்திய மாணவர்களையும் சீன மாணவர்களையும் சபைக்கூடலில் இழிவாகப் பேசினார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. காவல் நிலையத்திற்குப் போய்ப் புகார் செய்தவர்கள் யார்? மாணவர்கள்! பெரியவர்கள் நாம் அந்தப் பிள்ளைகளின் துணிச்சலைப் பாராட்டினோம்.

மற்றவர் நம்மைப் பழித்தால் நமக்கு வாய் இருக்கிறது. நம்மவரே நம் பிள்ளையைப் பழித்தால்...?

நடந்தது இதுதான்

சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய தமிழ்ப்பள்ளி ஒன்றில், குறைநீக்கல் வகுப்பிற்கு மாணவர்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவனின் பெயரை நான் சொன்னேன். எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளை. எதிரில் இருந்த மூத்த ஆசிரியர் சிரித்தார்.

“அவனை விடுங்க டீச்சர். அந்தச் சாதிக்குப் படிப்பு ஏறாது. அவன் அப்பனையும் எனக்குத் தெரியும்.”

அறையில் எழுவர் இருந்தோம். இருவர் சிரித்தனர். மற்றவர்கள் பயிற்சி நூல்களைத் திருத்துவதுபோல் குனிந்துகொண்டனர். பட்டியலில் அவன் பெயர் ஏறவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். அத்தகைய பேச்சை நான் கேட்டது அது முதன்முறை அன்று. முன்பெல்லாம் நானும் குனிந்துகொண்டவள்தான். அன்று மட்டும் முடியவில்லை. ஏனெனில், அது வெறும் பேச்சாக நிற்காமல் ஒரு பிள்ளையின் இடத்தைப் பறித்துவிட்டது.

அவரிடமே முதலில் சொன்னேன். “விளையாட்டுக்குச் சொன்னேன்” என்றார். மறுநாள் தலைமையாசிரியரிடம் கடிதம் கொடுத்தேன். நாள், நேரம், சொன்ன சொற்கள், உடனிருந்தோர்... அனைத்தையும் எழுதினேன். என் கருத்து எதையும் சேர்க்கவில்லை.

தலைமையாசிரியர் படித்துவிட்டு, “வெளியே தெரிந்தால் தமிழ்ப்பள்ளிக்குத்தானே அம்மா கெட்ட பெயர்?” என்றார். ஆயினும் அவரை அழைத்துக் கண்டித்தார். பட்டியல் திருத்தப்பட்டது. அதன்பின் ஓராண்டு காலம் சிற்றுண்டிச்சாலையில் என் மேசையில் யாரும் அமரவில்லை. ‘காட்டிக்கொடுத்தவள்’ என்ற பட்டமும் கிடைத்தது.

மூன்று சமாதானங்கள்

முதலாவது: “இது காட்டிக்கொடுப்பு.” எவரை, எவரிடம் காட்டிக்கொடுத்தேன்? ஏழு வயதுப் பிள்ளையால் ஆசிரியர் அறைக்குள் வந்து தனக்காகப் பேச முடியாது. அங்கே அவனுக்கு இருந்த ஒரே வாய் என் வாய். அதையும் மூடிக்கொண்டால், காட்டிக்கொடுக்கப்படுபவன் அவன் அல்லவா?

இரண்டாவது: “பிள்ளையின் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லையே!” சொல்லத் தேவையில்லை. படிப்பு ஏறாது என்று நம்பும் ஆசிரியர் அவனிடம் கேள்வி கேட்கமாட்டார். அவன் நூலைத் திருத்தமாட்டார். பிள்ளை அதைப் புரிந்துகொள்வான்.

மூன்றாவது: “தமிழ்ப்பள்ளியின் பெயர் கெடும்.” இதுதான் மிகவும் ஆபத்தானது. பள்ளியின் பெயரைக் கெடுப்பது அந்தச் சொல்லா, அதை எழுதிக்கொடுத்த தாளா? பெற்றோர் நம்மிடம் பிள்ளையை ஒப்படைப்பது, வேறெங்கும் கிடைக்காத மதிப்பு இங்கே கிடைக்கும் என்றுதான். அந்த மதிப்பே இல்லையென்றால் எந்த முகத்தோடு மாணவர் எண்ணிக்கை குறைகிறது எனப் புலம்புவது?

தமிழ்நாட்டைப் பாருங்கள். 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் சக மாணவர்களாலேயே சாதியின் பெயரால் வெட்டப்பட்டான். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-இல் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறுகள் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்றது. ஆசிரியர்களையும் அது விட்டுவைக்கவில்லை. இங்கே வெட்டரிவாள் இல்லை. ஆனால் விதை அதே விதைதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசு நடத்தும் கல்விக்கூட நிர்வாகத்தில் சமயம், இனம், வம்சாவளி, பிறப்பிடம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் கொண்டு குடிமக்களிடம் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது நம் கூட்டரசு அரசியலமைப்பின் 12-ஆம் பிரிவு. சாதி என்பது வம்சாவளி அன்றி வேறென்ன?

தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம் 2010 நம்மிடம் உண்டு. ஆனால், அமலாக்க நிறுவனத்திடம் தகவல் தருவோரை மனத்தில் கொண்டு இயற்றப்பட்ட சட்டம் அது. தலைமையாசிரியரின் கதவைத் தட்டும் ஆசிரியருக்கு அதை நம்பிப் பயனில்லை. எனவே, வாய்மொழியாகச் சொல்லாதீர்கள்; எழுதிக் கொடுங்கள். நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பலன் இல்லையேல் மாவட்டக் கல்வி அலுவலகம் இருக்கிறது. புலனத்தில் பரப்புவது கடைசி வழிகூட அன்று. அதில் முதலில் நசுங்குவது பிள்ளையின் பெயர்தான்.

அந்த மூத்த ஆசிரியர் கெட்டவர் அல்லர். கணிதத்தை அவர்போல் கற்பிப்பவரை நான் கண்டதில்லை. அதனால்தான் சொல்கிறேன்: அவரை வேலையிலிருந்து நீக்க நான் கேட்கவில்லை. அந்தச் சொல்லுக்கு ஆசிரியர் அறையில் இடமில்லை என்று ஒருவர் அவருக்குச் சொல்லவேண்டும் என்றுதான் கேட்டேன்.

அந்த மாணவன் குறைநீக்கல் வகுப்பில் சேர்ந்தான். ஆண்டிறுதியில், மெல்ல மெல்ல, ஒரு பத்தியை முழுமையாக வாசித்தான்.

அன்று குனிந்திருந்த ஆசிரியப் பெருமக்களே, அடுத்த முறை யாராவது நிமிர்வீர்களா?

சிந்திப்போம், செயல்படுவோம்.