சுவத்துல கறை, நம்ம தலையில செலவு!

கல்யாண்ல வாடகை வீட்டைக் காலி பண்ற நம்ம ஆளுங்களைக் கவனிச்சிருக்கீங்களா? கடைசி வாரம் பூரா கையில ஈரத்துணியோட சுவத்துகிட்ட மல்லுக்கட்டிக்கிட்டு இருப்பாங்க. எல்லாம் டெபாசிட் பயம்தான். சாவி வாங்க வர்ற ஓனர் சோபாவுக்கு மேல இருக்கற தேங்காயெண்ணெய்த் தடத்தையும், குழந்தை கிரேயான்ல வரைஞ்ச யானையையும் பார்ப்பார். "வீடு மொத்தமும் பெயிண்ட் அடிக்கணும்"னு ஒரு தொகையைக் கழிச்சுடுவார். நாமளும் தலையாட்டிட்டு வந்துடுவோம்.

ஏங்க தலையாட்டணும்? பி.காம். முதல் வருஷத்துல படிச்ச தேய்மானம் மறந்து போச்சா? பெயிண்டுக்கு ஆயுசு 5 வருஷம், செலவு 20,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். மூணு வருஷம் குடியிருந்தா 12,000 ரூபாய் பெயிண்ட் தானாவே தேஞ்சாச்சு. அதுக்குத்தான் மாசாமாசம் வாடகை வாங்கினாரே! சுவர் பூரா நாமளே பாழாக்கியிருந்தாலும் மிச்சம் 8,000தான். ஒரு யானைக்கு 20,000 எந்த ஊர் நியாயம்?

அதைவிடக் கொடுமை ஓதக் கறை. ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் இங்க கொட்டற மழை உங்களுக்குத் தெரியும். வெளிச்சுவர் வழியா இறங்கற தண்ணிக்கு உள்ள இருக்கறவன் என்ன செய்வான்? மகாராஷ்டிரா ஹவுசிங் சொசைட்டி மாதிரி விதிகள்படி மழைத்தண்ணிக் கசிவைச் சரி பண்றது சொசைட்டி செலவு. மேல் வீட்டு பாத்ரூம் கசிஞ்சா அது அந்த உறுப்பினர் செலவு. ரெண்டு இடத்துலயும் வாடகைக்காரன் பேர் இல்லை.

நம்ம கறையை நாமதான் துடைக்கணும், அதுல மாத்துக் கருத்து இல்லை. ஆனா மூளையோட துடைங்க. சாம்பார் தெறிச்ச இடத்துல சவுக்காரம் போட்டா மஞ்சள் காரம் பட்டு செவந்து போயிடும். முதல்ல வெறும் ஈரத்துணி. மிச்சத்தை வெயில் பட்டா வெயிலே வெளுத்துடும். எண்ணெய்த் தடத்துல சோளமாவை அப்பி ஊறவெச்சுத் தட்டிட்டு, பாத்திரம் கழுவற திரவம் ஒரு சொட்டு விட்ட தண்ணியால ஒத்துங்க. வெள்ளை வெள்ளையா உப்பு பூத்திருந்தா காஞ்ச பிரஷ் மட்டும்தான். எதையும் பீரோவுக்குப் பின்னாடி ஓர் ஓரத்துல சோதிச்சுப் பாருங்க. மலிவு டிஸ்டெம்பர்னா கறையோட சுவரும் துணியிலயே வந்துடும். பிளீச்சையும் டாய்லெட் ஆசிடையும் தப்பித்தவறியும் கலக்காதீங்க, குளோரின் வாயு வரும். டெபாசிட்டை விட உசுரு பெருசு.

மகாராஷ்டிரா வாடகைச் சட்டம் 1999, 55வது பிரிவைக் கொஞ்சம் பாருங்க. ஒப்பந்தத்தைப் பதிவு பண்ண வேண்டியது ஓனர் பொறுப்பு. பதிவு பண்ணலைன்னா, வேற மாதிரி நிரூபிக்கப்படற வரைக்கும் நிபந்தனைகளைப் பத்தி வாடகைக்காரன் சொல்றதுதான் எடுபடும். மத்திய அரசு 2021ல கொண்டு வந்த மாதிரி வாடகைச் சட்டமும், ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதாத பட்சத்துல, சுவத்துக்கு வெள்ளையடிக்கறதை ஓனர் கணக்குலதான் வைக்குது. மாநிலம் ஏத்துக்கிட்டாத்தான் அது செல்லும், சரி. ஆனா நியாயம் எந்தப் பக்கம்னு தெரியுதில்ல?

அதனால குடி போற அன்னிக்கே ஒவ்வொரு சுவரையும் தேதியோட போட்டோ எடுங்க. இருக்கற கறையை எழுதி ஓனர்கிட்ட கையெழுத்து வாங்குங்க. பெயிண்ட் செலவு பத்தி ஒப்பந்தத்துல ஒரு வரி இருந்தா, கையெழுத்து போடறதுக்கு முன்னாடி பேரம் பேசுங்க. பேங்க்ல காகிதம் இல்லாம கடன் தர்றோமா? நீங்க மட்டும் ஏன் ஒரு காகிதம் கூட இல்லாம லட்ச ரூபாயைத் தூக்கிக் குடுக்கறீங்க?

எங்க ஊர்ல பொங்கலுக்கு முன்னாடி ஒரு கோட் சுண்ணாம்பு அடிச்சா வருஷத்துக் கறை மொத்தமும் போச்சு. சுவத்துல கிறுக்கினான்னு எந்தப் புள்ளையும் அடி வாங்கினதில்லை. இங்க டெபாசிட் பயத்துல மூணு வயசுக் குழந்தை முதுகுல அறை விழுது. ஓனர் பெயிண்டுக்காக நம்ம புள்ளையை அடிக்கறது முதல்ல நிக்கட்டும். யானை நல்லாத்தான் இருக்கு, வரையட்டும் விடுங்க :-)