மோட்டிவேஷன் வந்த பிறகுதான் ஓடுவீங்களா?

"ஓட ஆரம்பிச்சேன், பத்தே நாள்ல மோட்டிவேஷன் போயிடுச்சு" என்று நகரத்து நண்பர்கள் புலம்பும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. மோட்டிவேஷன் என்ன, கடையில தீர்ந்துபோற சரக்கா?

எங்க ஊர்ப் பசங்க விடியக்காலை நாலரைக்கு ஏரிக்கரையில ஓடுறாங்க. பாதிப் பேருக்கு ஷூ கிடையாது. காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்கணும், தாண்டினா வீட்டுக்குத்தான். அதைப் பிரிச்சு வெச்சிருக்காங்க: 400 மீட்டருக்கு 1 நிமிடம் 52 விநாடி. முதல்ல ஒரு சுற்று அந்த வேகத்தில், அப்புறம் ரெண்டு, மூணு. ஒருத்தன் வரலைன்னா கூட ஓடுறவன் போய்க் கதவைத் தட்டுவான்.

ஈரம் இருக்கும்போதே விதைக்கணும். உற்சாகம் வரட்டும்னு உட்கார்ந்திருந்தா நிலம் காஞ்சிடும்.

"அவங்களுக்கு வேலை வேணும், ஓடுறாங்க, எங்களுக்கு?" என்பீர்கள். நியாயம்தான். அப்போ உங்ககிட்ட இல்லாதது மோட்டிவேஷன் இல்லை, இலக்கு. "ஃபிட்டா இருக்கணும்" என்பது வெறும் ஆசை. ஒரு தூரம், ஒரு நேரம், ஒரு தேதி எழுதி வையுங்க. கதவைத் தட்ட ஒரு ஆளைப் பிடிங்க. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கின ஷூ தானா ஓடாது.