கைகொடுத்த சைக்கிள் டியூப்!

பிரசவத்துக்கு வந்த மகளும் 15 நாள் பேரனும் வீட்டில் இருந்த சமயம். சமையல் மேடைக்கு அடியில், சுவரை ஒட்டிப் போகும் பழைய இரும்புக் குழாயில் ஒழுகல்! என் கணவரோ வெளியூரில். பிளம்பர், "நாளைக்குத்தாம்மா வர முடியும்" என்று சொல்லிவிட்டார். அதுவரை விட்டால் மாடித் தொட்டி காலியாகிவிடும். குழந்தைத் துணி அலசத் தண்ணீருக்கு எங்கே போவது?

முதலில் இரண்டு வாளி நிறையப் பிடித்துக்கொண்டு, தொட்டி வால்வை மூடினேன். அந்த இடுக்கில் கை நுழையும்; தலை நுழையாது. சின்னக் கண்ணாடியை உள்ளே நீட்டி டார்ச் அடித்தேன். குழாயின் பின்பக்கம் ஊசிமுனை ஓட்டை! துணியால் துருவும் ஈரமும் போகத் துடைத்தேன்.

பழைய சைக்கிள் டியூபில் 2 அங்குல அகலம், ஒரு முழ நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டினேன். அதற்கு மேல் நீளம் வேண்டாம், இடுக்கில் சிக்கிக்கொள்ளும். ஓட்டைக்கு நாலு விரல் தள்ளி ஆரம்பித்து, ஒரு சுற்றின் மேல் பாதி அடுத்த சுற்று ஏறும்படி, நன்றாக இழுத்து இழுத்துச் சுற்றினேன். இழுப்பதில்தான் சூட்சுமமே! மேலே நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டி, வால்வை மெள்ளத் திறந்தேன். சொட்டு நின்றது!

"பிளம்பரம்மா!" என்று மகள் கேலி செய்தாள்.

சகோதரிகளே, இது முதலுதவிதான். துருப்பிடித்த குழாயில் பக்கத்திலேயே அடுத்த ஓட்டை விழும். மறுநாளே அந்தக் குழாயை மாற்றிவிட்டோம். அருகில் ப்ளக் பாயிண்ட் இருந்தால் மெயினை அணைக்காமல் கை வைக்காதீர்கள்.