லாரிக்காரர் வாய்ஸ் நோட்டும் ஒரு கடுதாசிதாங்க

"கையெழுத்துக் கடிதம் ஒரு கலை, வாட்ஸ்அப் வந்து அதைக் கொன்னுடுச்சு"ன்னு மஞ்சளடிச்ச இன்லேண்ட் லெட்டர் போட்டோவோட வாரம் ஒரு பதிவு வருது. லைக் அள்ளுது. எனக்கு இதுல உடன்பாடு இல்ல. கொஞ்சம் நீளமா சொல்றேன். த்ரெட்.

புதுமைப்பித்தன் மனைவி கமலாவுக்கு எழுதின கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு'ன்னு புத்தகமா இருக்கு. இளையபாரதி தொகுத்தது. 'ராஜமுக்தி' பட வேலைக்குப் புனே போன இடத்துல காசநோய் முத்தி, திருவனந்தபுரம் திரும்பி 1948ல இறந்துட்டார். வயசு 42. (ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிச்சது 1943. டிபி வார்டு பார்த்த எந்த டாக்டருக்கும் இந்தக் கணக்கு உறுத்தும்.)

நான் படிச்சது அச்சுல. அவர் கையெழுத்தோட ஒரு சுழிகூட என் கண்ணுல படல. ஆனாலும் தொண்டை அடைச்சது. தூரத்துல இருக்கிறவன் வீட்டை நினைச்சுத் தவிக்கிற தவிப்புக்கு மை என்ன, அச்சு என்ன?

அப்புறம், யாரோட கையெழுத்தைப் பத்திப் பேசறோம்? 1951 கணக்கெடுப்புல எழுதப் படிக்கத் தெரிஞ்ச இந்தியப் பெண்கள் நூத்துக்கு 9 பேர்கூட இல்ல. கடுதாசியை எழுதினதும் படிச்சுக் காட்டினதும் போஸ்ட்மேன், இல்லைன்னா பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பையன். புருஷன்கிட்ட கேக்க நினைச்சதை அந்தப் பையன் முன்னால சொல்லக் கூச்சப்பட்டு, "நலம், நலமறிய ஆவல்"னு முடிச்சுக்கிட்டவங்க எத்தனை பேரோ! நாம இழந்துட்டதா ஏங்கற கலை அவங்க கைக்கு வந்ததே இல்ல.

கையெழுத்துல ஒண்ணுமே இல்லைன்னு சொல்லல. பார்க்கின்சன் வந்தவங்க எழுத்து வரி போகப்போகச் சின்னதாகும். உடம்பு தாள்ல பதியுது. ஆனா மூச்சிரைப்பும் சளியும் தூக்கக் கலக்கமும் குரல்லயும்தான் பதியுது.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரி ஓட்டறவங்க வீட்டுல இன்னிக்கு இதுதான் கடுதாசி. வண்டி நாக்பூர் தாண்டினதும் ஒரு வாய்ஸ் நோட்டு. பின்னால ஏர் ஹாரன், தாபா சத்தம், நடுவுல "மாத்திரை போட்டியா புள்ள?" படிக்கத் தெரியாத மனைவி யார் தயவும் இல்லாம, தனியா, பத்துத் தடவை கேட்டுக்கலாம். எந்த இன்லேண்ட் லெட்டர் அவங்களுக்கு இதைக் கொடுத்துச்சு?

அதைத்தான் நாம சீப்பா நினைக்கறோம். அவர் விபத்துல போயிட்டா, கடைசி நோட்டு அந்தப் பழைய போன்ல மட்டும் கிடக்கு. மெமரி ஃபுல்னு கடைப் பையன் ஒரே தட்டுல துடைச்சிடறான். "பிரஷர் ஏம்மா இப்படி ஏறியிருக்கு?"ன்னு ஓபியில கேட்டா, "போன் போச்சுங்க டாக்டர், அதுலதான் அவர் பேச்சு இருந்துச்சு"ங்கறாங்க.

லெட்டரை ஃப்ரேம் போடறவங்க தாராளமா போடுங்க. கூடவே தெருவுல அப்படி ஒருத்தர் இருந்தா, கேட்டுட்டு, அந்தச் சாட்டைத் திறந்து மீடியாவோட எக்ஸ்போர்ட் பண்ணி ஒரு பென் டிரைவ்ல ஏத்திக் கொடுங்க. அவங்க பக்கத்துல இருக்கறப்பவே பண்ணுங்க. நோட்டை மட்டும் நீங்க போட்டுக் கேக்காதீங்க.