பிழைக்கும் பொன்னாடை

நரம்பு வலைகளைப் பயிற்றும் ஆடம் என்ற செய்முறையின் கட்டுரைக்குத்தான் விருது என்று, செயற்கை நுண்ணறிவு ஆய்வு மாநாடான ஐசிஎல்ஆரின் குழு பிடிவாதமாக முடிவெடுத்து, 2025 ஏப்ரலில் சிங்கப்பூரில் அதை வழங்கியும் விட்டது. பத்தாண்டு கடந்தும் நிலைத்த ஆய்வுக்கான விருதாம். நிலைத்தது எது என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

நிலைத்தது செய்முறை. ஆழ் நரம்பு வலைகளைப் பயிற்றுவோர் இன்றும் ஆடமையோ அதன் வாரிசுகளையோதான் நாடுகிறார்கள்; மறுக்கவில்லை. ஆனால் கட்டுரையாசிரியர்கள் கிங்மாவும் பாவும் 2014இல் எழுதியது செய்முறை மட்டுமல்ல. இது உகந்த விடையை நோக்கி ஒருங்கும் என்று ஒரு தேற்றமும் நிரூபணமும் கூடவே இருந்தன. அந்த நிரூபணம் தவறு. ரெட்டி, காலே, குமார் மூவரும் 2018இல் இதே மாநாட்டில் அதைக் காட்டினார்கள். சிறந்த கட்டுரை என்று இதே மாநாடு அவர்களைப் பாராட்டியது.

அவர்கள் தந்த எடுத்துக்காட்டுக்குப் பள்ளிக் கணக்கே போதும். ஒரே ஒரு மாறி, −1 முதல் +1 வரை. மூன்று படிகளில் ஒருமுறை பெரிய சரிவு (பிழை மாறும் வேகம்) ஒரு பக்கம் தள்ளும். மற்ற இரு முறையும் சிறிய சரிவு எதிர்ப்பக்கம் தள்ளும். கூட்டிப் பார்த்தால் பெரியதே வெல்ல வேண்டும், விடை −1. ஆடமோ ஒவ்வொரு சரிவையும் அண்மைச் சரிவுகளின் வர்க்கச் சராசரிக்கு மூலம் கண்டு வகுக்கிறது. பழையதைச் சீக்கிரம் மறக்கும்படி அதை அமைத்தால், பெரிய சரிவு வரும் நேரத்தில் வகுக்கும் எண்ணும் பெருத்து அதன் பலத்தைத் தின்றுவிடும். சில்லறைச் சரிவுகள் இரண்டும் இழுத்துப்போய் +1இல் நிறுத்தும். அந்த எல்லைக்குள் அதைவிட மோசமான விடை கிடையாது. தேற்றம் சரியாகவே இருந்திருந்தாலும் ஒரே அடிவாரம் கொண்ட கிண்ண வடிவச் சார்புகளுக்குத்தான் அது பேசியது. ஆழ் வலைகளின் பிழைப்பரப்பு அப்படி இருப்பதில்லை. மறக்கும் வேகம் போன்ற அளபுருக்களைப் பார்த்து வைத்தால் ஆடமும் ஒருங்கும் என்று பிறர் பின்னால் காட்டியது உண்டு. அது பிறர் போட்ட ஒட்டு, விருதோ கிழிசலுக்கு.

அதே விருதில் இரண்டாமிடம் யாருக்கு? இன்றைய மொழி மாதிரிகளுக்கெல்லாம் வித்தான கவனப் பொறிமுறையை முன்வைத்த பாதனாவ், சோ, பெஞ்சியோ கட்டுரைக்கு!

இவர்களின் தராசு புதிதாகக் கோணவில்லை. சொற்களை எண்களாக்கும் வேர்ட்2வெக்கை 2013இல் முதன்மை அரங்குக்குள் விடாதவர்கள் இவர்கள். அதன் தொடர்ச்சியான கட்டுரைக்கு 2023இல் இதே வகை விருதைக் கொடுத்தது வேறொரு மாநாடு. ராபர்ட்டா என்ற மொழி மாதிரியின் கட்டுரையைத் திருப்பி அனுப்பினார்கள். மாம்பா என்ற மாதிரியின் கட்டுரையையும் 2024இல் திருப்பி அனுப்பினார்கள். வெளியே தள்ளியதிலும் தவறு, மேடையேற்றியதிலும் தவறு.

விருது கொடுக்கும் முறையை அடியோடு சீர்செய்ய வேண்டும். அதற்கு முன்பே, 2018இல் தாங்கள் பரிசளித்த கட்டுரையை இவர்கள் ஒருமுறை புரட்டியிருக்கலாம்.