பரமபதம் ஆடினால் கணக்கு கெடாது

வைகுண்ட ஏகாதசி இரவில் தாத்தாவும் பேத்தியும் பரமபதப் படத்தை விரித்து விடிய விடியக் காய் நகர்த்தினால் யாரும் குறை சொல்வதில்லை. திருப்பதி வட்டாரத்துத் தெலுங்கு வீடுகளிலும் வைகுண்டபாளி என்று அதே ஆட்டம் உண்டு. அந்தப் படத்தை இரண்டாம் வகுப்பு ஆசிரியை பள்ளியில் விரித்தால் மட்டும், "படிக்க அனுப்பினால் விளையாட விடுகிறார்களே" என்று பெற்றோர் கொதிக்கிறார்கள். கணக்கு என்றால் வாய்ப்பாடு ஒப்பிப்பதும் நோட்டு நிறைய எழுதுவதும்தான், விளையாட்டெல்லாம் மணி அடித்த பிறகு என்ற நம்பிக்கை சித்தூரிலிருந்து சென்னை வரை வேரோடியிருக்கிறது. அது தவறான நம்பிக்கை. அதற்கு விலை கொடுப்பவர்கள் குழந்தைகள்.

ஒப்பித்தல் என்ன தந்திருக்கிறது? அசர் என்ற கல்வி நிலை ஆய்வின் 2024 அறிக்கைப்படி, இந்தியக் கிராமங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் 30.7 சதவீதம் பேருக்குத்தான் மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்க வந்தது. 2025இல் நேச்சர் இதழில் பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு இன்னும் வலிக்கிறது. கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் சிறார்கள் விலையை மனதிலேயே கூட்டிச் சரியாகச் சில்லறை தந்தார்கள். பாடப்புத்தகக் கணக்கைத் தாளில் கொடுத்ததும் திணறினார்கள். பள்ளிப் பிள்ளைகளோ தாளில் தேறினார்கள், கடைக் கணக்கில் தடுமாறினார்கள். இரண்டு கரைக்கும் இடையில் பாலம் போடப் பள்ளி தவறியிருக்கிறது.

விளையாட்டு அந்த வேலையைச் செய்யும், ஆடுகிற விதத்தில் ஆடினால். 47ஆம் கட்டத்தில் நிற்கும் காய்க்கு 5 விழுகிறது. ஒரு பிள்ளை "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணி நகர்த்துகிறது. இன்னொன்று "48, 49, 50, 51, 52" என்று கட்டத்தின் எண்ணையே சொல்லி நகர்த்துகிறது. பார்வைக்கு ஒரே ஆட்டம்தான். ஆனால் 100 வரை எண்ணிட்ட பலகையில் லாஸ்கி, சீக்லர் என்ற ஆய்வாளர்கள் நடத்தி 2014இல் வெளியிட்ட சோதனையில், இரண்டாவது விதமாக ஆடியவர்களுக்கே எண்ணறிவு கூடியது. அதற்கு முன், 2008இல், சீக்லரும் ரமணியும் அமெரிக்க ஏழைக் குழந்தைகளை 1 முதல் 10 வரையிலான நேர்கோட்டுப் பலகையில் ஆடவிட்டார்கள். இரண்டு வாரத்தில் 15 நிமிடம் வீதம் நான்கே அமர்வு, மொத்தம் ஒரு மணி நேரம். எது பெரிய எண் என்று சொல்வதில் அந்தக் குழந்தைகள் முன்னேறினார்கள். எண்ணுக்குப் பதிலாக நிறம் பூசிய பலகையில் ஆடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை.

இதற்கெல்லாம் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளிக்குப் பக்கத்தில்தான் ரிஷிவேலிப் பள்ளி. அதைச் சுற்றியுள்ள கிராமங்களின் சிறு பள்ளிகளில், பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் உட்காரும் நிலைமைக்கென்றே கல்வியாளர்கள் பத்மநாப ராவும் ரமாவும் ஒரு முறையை உருவாக்கினார்கள். பாடத்தைச் சிறு அட்டைகளாகப் பிரித்து ஏணிபோல் அடுக்கினார்கள். விளையாட்டும் அந்த ஏணியில் ஒரு படி. மதிப்பீட்டு அட்டையைத் தாண்டாத பிள்ளைக்கு மறுபடி பயிற்சி உண்டு. இதைப் பார்த்துத்தான் 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். 2007–08இல் அது தமிழகம் முழுவதும் போனது. மதனப்பள்ளிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஒரு மாநிலமே கற்றுக்கொண்டதை, சித்தூர்க்காரர்களே நேரவிரயம் என்று ஒதுக்குவது மனதை வருத்துகிறது.

எதிர்ப்பவர்கள் கையில் ஒரு வலுவான சான்று உண்டு; அதை மறைக்கக் கூடாது. டெல்லியில் 214 முன்பள்ளிகளில் நடந்து, 2017இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு அது. கணக்கு விளையாட்டு ஆடிய குழந்தைகளுக்கு அளவையும் வடிவத்தையும் உணரும் திறன் கூடியது, நிலைக்கவும் செய்தது. ஆனால் முதல் வகுப்புப் பாடக் கணக்கில் அவர்கள் முந்தவில்லை. எண்ணுருவோடும் எழுத்துக் கணக்கோடும் இணையாத ஆட்டம் பாதி வழியில் நின்றுவிடும் என்பதே இதில் தெரிகிறது. ஆட்டத்தை நிறுத்த இது காரணமாகாது, இன்னும் ஒரு படி ஏற்றுவதற்குத்தான் காரணம். காய் 52இல் நின்றதும் 47 + 5 = 52 என்று பிள்ளை நோட்டில் எழுதட்டும். பெற்றோர் கூட்டத்தில் "ஏன் விளையாட விட்டீர்கள்" என்று சண்டை போடும் அப்பா, ஆடி முடித்தபின் எழுதிய அந்த வரியைக் காட்டச் சொல்லிக் கேட்கட்டும். வாரத்தில் இரண்டு பாடவேளையை இதற்கென்று அட்டவணையிலேயே ஒதுக்கத் தலைமையாசிரியர்களிடம் வற்புறுத்தட்டும்.