கொல்லிமலையின் காகிதம் எந்தக் கட்டில் இருக்கிறது?

கொல்லிமலையில் பாட்டன் பூட்டன் காலந்தொட்டுச் சாமையும் தினையும் விதைத்து வரும் ஒரு குடும்பத்தாரிடம் அதிகாரி கேட்கிறார்: "இந்தப் பூமி உங்கள் அனுபவத்தில் இருக்கிறது என்பதற்கு ருசு என்ன?" அவர்கள் வரப்பைக் காட்டுகிறார்கள். முன்னோரை அடக்கம் செய்த இடத்தைக் காட்டுகிறார்கள். "அதெல்லாம் இருக்கட்டும், காகிதம் எங்கே?" என்கிறார் அதிகாரி. குடும்பத்தார் வாயடைத்து நிற்கிறார்கள்.

வாயடைத்து நிற்க வேண்டிய அவசியம் இல்லை என்று சொல்லவே இதை எழுதுகிறோம். வரப்பும் இடுகாடும் சட்டப்படி ருசுதான். காகிதமும் கட்டுக் கட்டாக இருக்கிறது. ஆனால் அது உழுதவன் பெயரில் இல்லை. உழுதவனைப் பற்றி எழுதிய ஆபீஸின் பெயரில் இருக்கிறது. அது எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்தவனுக்குக் கிடைக்கும். தெரியாதவனுக்கு அது இருந்தும் இல்லாததற்குச் சமம். ஆகவே, காகிதம் அடுக்குவது குமாஸ்தாவின் வேலை, நமக்கென்ன என்று உழைப்பாளி மக்கள் ஒதுங்கிவிட முடியாது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வன நிலத்தில் பாடுபட்டுவரும் பழங்குடி மக்களுக்கு, தங்கள் அனுபவத்தில் உள்ள நிலத்தில் 4 ஹெக்டேர் வரை உரிமை உண்டு. உரிமைப் பத்திரம் புருஷன், மனைவி இருவர் பெயரிலும் எழுதப்பட வேண்டும். 2008-இல் வந்த விதிகளில் 13-ஆவது விதி, எவையெவை ருசு என்று வரிசையாகச் சொல்கிறது. கெஜட்டியர், ஜனத்தொகைக் கணக்கு, சர்வே செட்டில்மெண்டு ரிப்போர்ட்டு, வரைபடம், சர்க்கார் உத்தரவு ஆகியவை ருசு. ரேஷன் கார்டும் வீட்டு வரி ரசீதும் ருசு. வரப்பு, தடுப்பணை, கிணறு, இடுகாடு, கோயில் ஆகியவை ருசு. பழைய நிலக் கணக்கில் பெயர் உள்ளவரின் வம்சாவளி ருசு. கோரிக்கை கொடுத்தவர் அல்லாத முதியோர் சொன்னதை எழுதி வைத்தால் அதுவும் ருசு. இவற்றில் இரண்டைக் காட்ட வேண்டும். அப்படியிருக்க, காகிதம் ஒன்றையே கேட்டு மிரட்டும் அதிகாரி சட்டத்தைப் பாதிதான் படித்திருக்கிறார்.

ஆனால் அந்த வரிசையில் முதலில் நிற்பவை சர்க்காரின் பழைய காகிதங்கள். அவை எங்கே இருக்கின்றன?

சென்னை எழும்பூரில் இருக்கிறது தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1909-இல் அதற்கென்று கட்டடம் எழும்பியது. வெள்ளைக்காரன் காலத்தில் அதற்கு மெட்ராஸ் ரிக்கார்டு ஆபீஸ் என்று பெயர். 1973-இல் இன்றைய பெயர் வந்தது. கம்பெனி ஆட்சியின் 17-ஆம் நூற்றாண்டுக் காகிதங்கள் முதல் அங்கே இருக்கின்றன. அங்கே போய், "கொல்லிமலைக் கட்டைக் கொடுங்கள்" என்று கேட்டால் பயன் இராது. அங்கே ஊர் வாரியாகவோ ஜாதி வாரியாகவோ காகிதத்தை அடுக்குவதில்லை. எந்த ஆபீஸ் எழுதியதோ அந்த ஆபீஸின் கீழ், வருஷ வரிசையில் அடுக்குகிறார்கள். ரெவினியூ போர்டின் நடவடிக்கைகள் ஒரு வரிசை. இலாகா உத்தரவுகள் ஒரு வரிசை. ஜில்லா ரிக்கார்டுகள் ஒரு வரிசை.

இந்த முறை நம் நாட்டில் பிறந்ததல்ல. 1789-இல் பிரெஞ்சு விவசாயிகள் பிரபுக்களின் மாளிகைகளில் புகுந்து, தங்கள் தலைமேல் வரியும் வெட்டிவேலையும் சுமத்திய ஏடுகளைத் தீயிலிட்டார்கள். காகிதம் யாருடைய ஆயுதம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1794-இல் புரட்சி சர்க்கார், பொதுக் காப்பகத்தில் உள்ள காகிதத்தை எந்தக் குடிமகனும் கேட்டுப் பார்க்கலாம் என்று சட்டம் செய்தது. பிறகு 1841-இல் அதே நாட்டில் இன்னொரு விதி வந்தது. ஓர் ஆபீஸிலிருந்தோ, ஒரு குடும்பத்திலிருந்தோ, ஒரு மனிதரிடமிருந்தோ வந்த காகிதங்களைக் கலைக்காமல் ஒரே தொகுதியாக வைக்க வேண்டும் என்பதே அந்த விதி. இன்று உலகத்தில் பெரும்பாலான காப்பகங்கள் இதையே பின்பற்றுகின்றன.

தபால் விலாசத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதாக விளங்கும். ஊர், தெரு, வீடு, ஆள் என்று விலாசம் எழுதுகிறோம். காப்பகத்தில் ஆபீஸின் முழுத் தொகுதி ஊர். ஒரே வகைப் பதிவேடுகளின் வரிசை தெரு. கோப்பு வீடு. தனிக் கடிதம் ஆள். 1994-இல் சர்வதேச ஆவணக் காப்பகக் கவுன்சில் வெளியிட்ட விதிகளும் இந்தப் படி வரிசையில்தான் விவரப்பட்டியல் எழுதச் சொல்கின்றன. யார் எழுதியது, எந்த வருஷம், எவ்வளவு, யார் கையிலிருந்து வந்தது என்பவற்றை முதலில் சொல்ல வேண்டும்.

இந்த முறையில் நியாயம் இருக்கிறது. மில் தோழர்களுக்கு இது தெரிந்த விஷயம். சம்பளப் பதிவேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எடுத்து வந்தால், "இது எங்கள் பதிவேட்டில் உள்ளதல்ல" என்று முதலாளி கையை விரிப்பான். அதே தாள் பதிவேட்டுக்குள், முன்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்து இருந்தால் அவனால் மறுக்க முடியாது. காகிதத்தின் பலம் அது இருக்கும் இடத்தில் இருக்கிறது.

ஆனால் கொல்லிமலை மனிதனுக்கு இந்த முறையால் ஏற்படும் சங்கடத்தையும் சொல்ல வேண்டும். மலை நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆபீஸ்தான் மாறிக்கொண்டே இருக்கிறது. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால், சேலம், நாமக்கல் சீமைகள் கம்பெனி கைக்கு வந்தன. பின்னர் சேலம் ஜில்லாவில் இருந்த நாமக்கல் தாலுகா, 1910-இல் திருச்சி ஜில்லாவுக்குப் போயிற்று. 1929-இல் சேலத்துக்குத் திரும்பிற்று. 1997-இல் நாமக்கல் தனி ஜில்லா ஆயிற்று. ஆகவே 1920-ஆம் வருஷத்துக் காகிதத்தைச் சேலத்தில் மட்டும் தேடினால் கைக்கு வராது. திருச்சித் தொகுதியிலும் தேட வேண்டும். "கொல்லிமலைக் காகிதம்" என்று கேட்பதற்குப் பதிலாக, "இந்த வருஷத்தில் இந்த மலை யார் ஆளுகையில் இருந்தது? எந்த இலாகா இதைப் பற்றி எழுதியது?" என்று கேட்கப் பழக வேண்டும்.

காட்டுக் காகிதமும் இப்படித்தான். 1882-ஆம் வருஷத்து மதராஸ் வனச் சட்டப்படி, ஒரு காட்டை ரிசர்வ் ஆக்குமுன் 4-ஆவது பிரிவில் அறிவிப்புப் போட வேண்டும். காட்டு செட்டில்மெண்டு அதிகாரி மக்களின் பாத்தியதைகளை விசாரிக்க வேண்டும். பிறகுதான் 16-ஆவது பிரிவில் ரிசர்வ் என்று அறிவிக்க வேண்டும். அந்த விசாரணைக் கோப்பில் யார் எந்த நிலத்தைக் கேட்டார்கள், எந்தத் தடத்தில் நடந்தார்கள் என்பதற்குத் தடயம் இருக்கக்கூடும். அச்சான புத்தகங்களும் உண்டு. லெஃபானு எழுதிய சேலம் ஜில்லா மானுவல் 1883-இல் வந்தது. ரிச்சர்ட்ஸ் எழுதிய கெஜட்டியர் 1918-இல் வந்தது. வெள்ளை அதிகாரிகள் வரி வசூலுக்காக எழுதி வைத்த புத்தகங்கள், இன்று மலைமக்கள் எத்தனை காலமாக அங்கே வாழ்கிறார்கள் என்பதற்குச் சாட்சி சொல்லட்டும்.

அடுத்தது பெயர். பட்டியலில் என்ன பெயர் எழுதுகிறார்களோ அந்தப் பெயரில்தான் காகிதம் அகப்படும். கொல்லிமலை மக்களுக்கு 'மலையாளி' என்று பெயர். மலையை ஆள்பவர் என்ற பொருளில். பட்டியலில் வெறுமனே 'மலையாளி' என்று எழுதினால் கேரளத்துக்காரர் என்று படிப்பவர் நினைப்பார். உழவனின் மனுவை 'ஆக்கிரமிப்பு' என்ற தலைப்பில் சேர்த்தால், அவன் கேட்ட பாத்தியதை அந்தத் தலைப்புக்குள்ளேயே குற்றமாகிவிடுகிறது. பழைய இண்டெக்ஸ்களோ இங்கிலீஷில் இருக்கின்றன. வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு என்று நாடு நாடாகத் தங்கள் பூமியை அறிந்திருக்கும் மக்கள், தங்கள் நாட்டின் பெயரை அந்தப் பட்டியலில் எப்படித் தேடுவார்கள்?

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். தாலுகா ஆபீஸிலிருந்து வரும் பதிலின் தலையில் உள்ள எழுத்துக்களைப் படியுங்கள். நி.மு. என்றால் கோப்பு நிரந்தரமாக வைக்கப்படும். ப.மு. என்றால் பத்து வருஷம். மூ.மு. என்றால் மூன்று வருஷம். ஓ.மு. என்றால் ஒரே வருஷம். நிலத்துக்காகக் கொடுத்த மனுவை ஓ.மு. போட்டு முடித்தால், அடுத்த வருஷத்துக்குப் பிறகு அந்த மனுவுக்கு ஆயுள் இல்லை. அந்த இரண்டு எழுத்தைப் பார்த்ததும் ஆட்சேபணை எழுதிக் கொடுங்கள். பதிலின் நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

நம் வீட்டுக் காகிதத்துக்கும் இதே விதிதான். 1980-இல் பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகள் ஒழிக்கப்படும் வரை, ஊரின் கணக்கு பல இடங்களில் கர்ணம் வீட்டுப் பெட்டியில் இருந்தது. பொதுக் காகிதம் எது, சொந்தக் காகிதம் எது என்று ஊராருக்குத் தெரியாது. சங்கத்திலும் அந்தத் தவறு நேரக்கூடாது. சங்கத்தின் மினிட் புத்தகம் செயலாளரின் வீட்டுச் சொத்தல்ல. மில் மூடப்பட்ட பிறகு பிராவிடண்ட் பண்டுக்கும் பென்ஷனுக்கும் அலையும் தோழர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு பழைய சம்பளச் சீட்டு என்ன விலை பெறும் என்று சொல்வார்கள். டிரங்குப் பெட்டியில் தீர்வை ரசீது ஒரு கட்டு, ரேஷன் கார்டு ஒரு கட்டு, வேலைக் காகிதம் ஒரு கட்டு என்று வருஷ வரிசையில் வையுங்கள். கட்டின் மேல் யார் கொடுத்தது, எந்தத் தேதி என்று எழுதுங்கள். ஒரிஜினலை எவரிடமும் விடாதீர்கள், நகலைக் கொடுங்கள். கிழவர், கிழவிகள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் சொல்வதை எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள்.

சர்க்காரிடம் நாம் கேட்பது புதிய சலுகை அல்ல. 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, ஒவ்வொரு பொது ஆபீஸும் தன் ரிக்கார்டுகளை முறைப்படி பட்டியலிட்டு அட்டவணைப்படுத்தி வைக்க வேண்டும் என்று ஏற்கெனவே உத்தரவிட்டிருக்கிறது. வன உரிமை விதிகளோ, சப்-டிவிஷன் கமிட்டி வன வரைபடத்தையும் ரெவினியூ வரைபடத்தையும் வாக்காளர் பட்டியலையும் கிராம சபைக்குக் கொடுக்க வேண்டும் என்கின்றன. இவற்றை அமுல் நடத்துங்கள் என்கிறோம். கொல்லிமலை சம்பந்தப்பட்ட கோப்புகளுக்கு, கட்டுகளைக் கலைக்காமல், நாட்டின் பெயரும் ஊரின் பெயரும் போட்டுத் தமிழில் ஒரு கைப்பட்டியல் அச்சிடுங்கள். அதில் எந்த வருஷத்துக் காகிதம் சேலத்தில், எது திருச்சியில், எது எழும்பூரில் என்று எழுதுங்கள். அதைச் செம்மேட்டில் எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். நிலம் பற்றிய மனு எதையும் ஒரு வருஷக் கோப்பாக முடிக்காதீர்கள்.

மலையில் கிராம சபை கூடும்போது ஒவ்வொரு குடும்பமும் தன் பெட்டியைத் திறந்து, இருக்கும் காகிதத்தை எழுதிக் கொள்ளட்டும். இல்லாத காகிதம் எந்த ஆபீஸில் இருக்க வேண்டும் என்பதையும் பக்கத்திலேயே எழுதட்டும். அடுத்த முறை அதிகாரி "காகிதம் எங்கே?" என்று கேட்டால், "இதோ எங்களிடம் உள்ளது, மற்றது உங்களிடம், இந்தக் கட்டில், இந்த வருஷத்தில் இருக்கிறது, எடுத்து வாருங்கள்" என்று அவர்கள் பதில் சொல்ல வேண்டும்.